கருப்பர் அறியாத கோழி

சாப்பிட உட்கார்ந்தவரின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்க்காமல் அந்த அக்கா யாருக்கும் சோறு போட்டதில்லை. வலக்கையில் அகப்பை இருக்கும், இடக்கைக் கட்டைவிரல் நம் கண்ணுக்குக் கீழே வந்து நிற்கும். இமையின் உட்புறம் சிவப்பாக இருந்தால் "ம், தின்னு" என்று குழம்பு விழும். வெளுத்திருந்தால் முதலில் ஒரு பெருமூச்சு. "ஒனக்கெல்லாம் தீக்கோழிக் கறி குடுக்கணும்டா தம்பி. இதெல்லாம் ஆகாது." சொல்லிக்கொண்டே அந்த ஆகாத குழம்பை இன்னும் இரண்டு அகப்பை ஊற்றுவார். அந்தக் கட்டைவிரலில் மிளகாய்த்தூள் இல்லாத நாள் கிடையாது. அவர் பார்க்கும்போது வெளுத்திருந்த கண்ணும் பார்த்து முடித்ததும் சிவந்துவிடும். பாதி வைத்தியம் அங்கேயே ஆயிற்று என்று நான் கண்ணைக் கசக்கிக்கொண்டே சொல்வேன்.

முதல் உலகப் போர் என்று இப்போது சொல்கிற பெரிய சண்டை முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. கானாடுகாத்தானில் ஒரு செட்டியார் வீடு எழும்பிக்கொண்டிருந்தது. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கிற வீடு. அங்கே சுவர் பூசும் கொத்தர்களில் நானும் ஒருவன். அரைத்த சுண்ணாம்பில் கடுக்காய் ஊறிய தண்ணீரையும் முட்டை வெள்ளைக்கருவையும் கலந்து பூசி, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து, முகம் தெரிகிற அளவுக்குச் சுவரைக் கொண்டுவருவது எங்கள் வேலை. மேஸ்திரி வந்து முகம் பார்த்து "சரிதான்" என்பார். நான் தேய்த்த இடத்தில் மட்டும், "சுவரு நல்லாத்தான் இருக்கு. நீ கொஞ்சம் அங்குட்டுத் தள்ளி நில்லு" என்பார்.

கூடைகூடையாக உடைத்த முட்டையில் வெள்ளைக்கரு சுவருக்குப் போய்விடும். மஞ்சள்கருப் பானை நேராக அக்காவின் சமையல் கொட்டகைக்கு வரும். கொத்தர்களுக்குச் சமைத்துப் போடச் செட்டியார் அமர்த்தியிருந்தவர் அவர். மிளகும் சின்ன வெங்காயமும் தட்டிப்போட்டு அவர் அதைக் கிளறினால், சாரத்தின் உச்சியில் இருப்பவனும் கையைக் கழுவிவிடுவான். "செட்டியாரு சுவத்துக்கு வெள்ளை, நம்ம ஒடம்புக்கு மஞ்ச. எது மொதல்ல விழுகுதுன்னு பாப்பம்" என்பார்.

எல்லோரும் அவரை நேட்டால் அக்கா என்போம். அவர் சிறுமியாக இருந்தபோது அவருடைய அப்பா கரும்புத் தோட்டத்து வேலைக்கு ஒப்பந்தம் போட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறினார். ஒப்பந்தம் முடிந்ததும் தீக்கோழி வளர்க்கும் ஒரு வெள்ளைக்காரரின் பண்ணைக்குக் குடும்பத்தோடு போனார். இறகுக்காக வளர்த்த பறவை அது. சண்டை வந்ததும் துரைசானிகள் தொப்பியில் இறகு வைப்பதை விட்டுவிட்டார்களாம். பண்ணை படுத்தது, அக்கா ஊர் வந்து சேர்ந்தார். சாட்சிக்கு ஒரு வெள்ளை இறகு வைத்திருந்தார். முழ நீளம் இருக்கும். சீமையில் தலைமேல் இருந்திருக்க வேண்டிய அந்த இறகால் அக்கா அம்மியைச் சுத்தம் செய்வார்.

"நெருப்புத் திங்குமாமே அக்கா?" என்று யாராவது கேட்டால் போதும்.

"நெருப்பத் திங்க அதென்ன கிறுக்கா? கல்லைத்தான் முழுங்கும். ஆனா கறி இருக்கு பாரு, அது பாக்கக் கோழி மாதிரியே இருக்காது. செக்கச்செவேல்னு இருக்கும். கொழுப்புங்கிறது பேருக்குக்கூடக் கெடையாது. சட்டியில நெய்யோ எண்ணெயோ ஊத்தாட்டி அப்படியே ஒட்டிக்கிரும். செம்மறிக்கறி மாதிரி வயித்துல கல்லா ஒக்காராது. தின்ன மறுநாளு நகத்தப் பாத்தா ரோசாப்பூ மாதிரி இருக்கும்."

இப்போது டாக்டர்கள் இரும்புச் சத்து என்கிறார்கள். அக்காவின் அகராதியில் அதற்கு ஒரே சொல்தான்: செவப்பு. முருங்கைக்கீரையில் செவப்பு உண்டு, ஆனால் நடந்து வருகிற செவப்பு. ஈரலில் இருப்பது வண்டியேறி வருகிற செவப்பு. தீக்கோழிச் செவப்பு மட்டும் ரயிலில் வரும். எதைச் சாப்பிட்டாலும் அது தீக்கோழிக்கு எத்தனை படி கீழே என்று சொல்லிவிட்டுத்தான் இலையில் வைப்பார்.

ஒருநாள் வீட்டுக்காரச் செட்டியார் ரங்கூனிலிருந்து வந்து வேலையைச் சுற்றிப் பார்த்தார். கொட்டகைப் பக்கம் வந்தவர், என்ன சமைக்கிறீர்கள் என்று கேட்கக் குனிந்தார். அக்காவின் கை பழக்கத்தில் நீண்டு அவர் இமையை இழுத்துவிட்டது. மேஸ்திரிக்கு மூச்சு நின்றுபோனது.

"அய்யாவுக்கு ரொம்ப வெளுத்துருக்கு" என்றார் அக்கா. "தீக்கோழிக் கறி சாப்பிடணும்."

செட்டியார் ஒரு கண்ணில் நீர் வழிய நின்று, "அது எங்க கெடைக்கும்?" என்றார்.

"இங்குட்டு எங்கயும் கெடைக்காதுங்க."

"கெடைக்காதத ஏன் சொல்றே?"

"கெடைக்கலேங்கிறதுக்காக நல்லது இல்லேன்னு ஆயிருமாங்க?"

செட்டியார் யோசித்தார். மறுநாள் முதல் அவர் வீட்டுக்கு ஒரு கிண்ணம் மஞ்சள்கருக் கிளறல் போக ஆரம்பித்தது.

இந்த அக்காவின் பிடிவாதத்தை நான் வேடிக்கையாகத்தான் பார்த்துவந்தேன், என் வீட்டுக்காரியின் கண்ணிமையை அவர் இழுத்துப் பார்க்கும்வரை.

எங்களுக்கு முதல் பிள்ளை பிறந்தவுடன் இறந்துபோனது. அவளும் அன்று பிழைத்தது அரும்பாடு. அடுத்தது உண்டானதும் கருப்பர் கோயிலில் போய் நின்று நேர்ந்துகொண்டாள்: பிள்ளை நல்லபடி பிறந்து, சந்நிதியில் முடியிறக்குகிற நாள்வரை ஆடு, கோழி வாயில் வைப்பதில்லை. என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், "சுரைக்காயை விட்டுவிடுகிறேன் என்று நேர்ந்துகொள்ளேன்" என்றிருப்பேன். எனக்குக் கறி என்றால் உயிர். தெருவில் ஓர் ஆட்டுக்குக் காய்ச்சல் என்றால்கூட விசாரிக்கப் போகிறவன் நான். என் அக்கறை ஆட்டுக்காரர்களுக்குப் பிடிக்காது.

வேலை முடிய வருஷக்கணக்காகும் என்பதால் அவளைக் கூட்டிவந்து வேலைத்தளத்துக்குப் பின்னாலேயே குடிசை போட்டிருந்தேன். ஏழாம் மாதம் நெருங்கும்போது, மாடி ஏறினால் எனக்கு வாங்குகிற மூச்சு அவளுக்குத் தண்ணீர்க் குடம் தூக்கினாலே வாங்கியது. மருத்துவச்சி வந்து பார்த்துவிட்டு என்னை வெளியே அழைத்தார். "ஒடம்புல ரத்தமே இல்லை. இப்படியே வலி எடுத்துச்சுன்னா ரெண்டுல ஒண்ணுதான் மிஞ்சும். அதுவும் எதுன்னு சொல்ல முடியாது." நான் எப்போதும் எதையாவது திருப்பிச் சொல்கிறவன். அன்று நேராகக் கொட்டகைக்கு ஓடினேன்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். வந்தவர் அவள் இமையை மெதுவாக இழுத்தார். அந்தக் கட்டைவிரலை முந்தானையில் துடைத்துவிட்டு இழுத்ததை நான் அன்றுதான் முதல்முறை பார்த்தேன். உள்ளே நாங்கள் தேய்க்கிற சுவர் மாதிரி வெளுத்திருந்தது.

"கீரை திங்கிறேன் அக்கா" என்றாள் இவள். "பேரீச்சம்பழமும் வாங்கியாந்தாக."

"அது வந்து சேர நாளாகும் தாயி. ஒனக்கு நாளு இல்ல. மஞ்சக்கரு?"

"கோழி வகுத்துல இருந்து வந்தது கோழிதான் அக்கா."

"ஈரலு?"

இவள் தலையைக் குனிந்துகொண்டாள். "போன தடவ நேந்துக்காம இருந்தேன். பிள்ளை போயிருச்சு."

அக்கா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பிறகு, தன் அம்மா கதையைச் சொன்னார். தம்பி பிறந்தபோது நேட்டாலில் அவருடைய அம்மாவும் இப்படித்தான் உதடு வெளுத்துக் கிடந்தாளாம். பண்ணைக்காரர்கள் இறகு போக மீதியைக் கூலிக்காரர்களிடம் விட்டுவிடுவார்கள். அப்பா அந்தக் கறியை நம்மூர் உப்புக்கண்டம் போல மஞ்சளும் உப்பும் தடவிக் கயிற்றில் காயப்போட்டு, இடித்து, ரசத்தில் கலந்து கொடுத்தாராம். "அம்மா எந்திரிச்சு ஒக்காந்துச்சு. நான் பாத்தேன்." சொல்லிவிட்டு, "எங்கிட்ட அந்தத் தீக்கோழிக் கண்டம் ஒரு சாடி இருக்கு. நாளைக்குக் கொண்டாரேன்" என்றார்.

"அதும் பேருல கோழி இருக்கே" என்றாள் இவள்.

"கறிவேப்பிலையில கறி இருக்காக்கும்? இங்க பாரு தாயி. அது ஆடு இல்ல, இந்த ஊருக் கோழியும் இல்ல. கருப்பரு அதக் கண்டதே இல்ல. கண்டிராத ஆளப் பத்தி அவரு என்னத்தக் கேக்கப் போறாரு?"

இவள் என்னைப் பார்த்தாள். நான் கருப்பருக்கு நெருங்கின உறவுக்காரன் போலத் தலையாட்டினேன்.

வெளியே வந்ததும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. என் ஆயுளில் வந்த சில நல்ல சந்தேகங்களில் அது ஒன்று. "அக்கா, நீங்க கப்பல்ல வந்து எத்தன வருசமாச்சு. கறி கெட்டுப்போயிராதா?"

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "கெட்டுப்போறதுக்கு அதுல என்னடா இருக்கு? கொழுப்பு இருந்தாத்தான கெட்டுப்போகும்?"

எனக்கு அது ரொம்பச் சரியாகப் பட்டது.

மறுநாள் மத்தியானம் அக்கா குண்டானில் ரசம் கொண்டுவந்தார். மேலே கருஞ்சிவப்பாகப் பொடி மிதந்தது. இவள் ஒரு வாய் குடித்தாள். வாயிலேயே வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தாள். அக்காவும் இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இவள் விழுங்கினாள். நான், பிடிக்கவில்லை போலும், சீமைச் சரக்கு அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். அன்று முதல் ஒரு மத்தியானம்கூடக் குண்டான் வராமல் இருந்ததில்லை.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. என் பெண்டாட்டி தீக்கோழி சாப்பிடுகிறாள் என்று தச்சர்களிடம் சொன்னேன், வண்டிக்காரர்களிடம் சொன்னேன், காரைக்குடிச் சந்தையில் வெங்காயம் விற்கிறவரிடம் சொன்னேன். வலையபட்டியிலிருந்து இரண்டு பேர் அந்த இறகைப் பார்க்க நடந்தே வந்தார்கள். நான் அம்மியிலிருந்து அதை எடுத்து, மிளகாயைத் தட்டிவிட்டு, காட்டினேன். என் வீட்டுக்காரி அதற்குள் நகம் சிவந்து நடமாடுகிறாள் என்று வேறு அளந்துவிட்டேன். விட்டது வீண் போகவில்லை. சில வாரத்தில் நிஜமாகவே சிவந்தது.

சந்தையில் ஆட்டுக்கறிக்காரர் ஒருவர் என்னை நிறுத்திக் கேட்டார். "ஒங்க நேட்டால் அக்கா வாரா வாரம் வந்து இருக்கிற சுவரொட்டி பூராவையும் வாங்கிட்டுப் போறாகளே, யாருக்குய்யா?" ஆட்டு மண்ணீரலை நாங்கள் சுவரொட்டி என்போம். ரத்தம் ஊற அதைச் சுட்டுக் கொடுப்பது இங்கே எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். "எங்க கொத்தருங்களுக்கா இருக்கும்" என்றேன். எங்கள் இலையில் ஒருநாளும் அது விழுந்ததே இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. சுவரிலேயே பிழைப்பு நடத்துகிறவனுக்குச் சுவரொட்டி கண்ணில் படவில்லை.

பெண் பிறந்தாள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். மருத்துவச்சி வெளியே வந்து, "ஒம் பொண்டாட்டிக்கு என்னய்யா குடுத்தே?" என்றார். நான் நெஞ்சை நிமிர்த்தி, "தீக்கோழி" என்றேன்.

கருப்பர் கோயிலில் முடியிறக்கிய அன்று கிடாய் வெட்டினோம். அக்காதான் சமையல். நேர்த்தி முடிந்துவிட்டதால் என் வீட்டுக்காரி முதல் பந்தியில் உட்கார்ந்து கறி சாப்பிட்டாள். நான் முதல் பந்தியிலும் சாப்பிட்டேன், நடுப்பந்தியிலும் சாப்பிட்டேன், கடைசிப் பந்தியில் அக்காவுக்குத் துணையாக என்று சொல்லி மறுபடி உட்கார்ந்தேன். அக்கா இலையில் வெறும் சோறும் ரசமும்தான் இருந்தன.

"என்னக்கா, நீங்க ஆக்குனத நீங்களே திங்கமாட்டீகளா?"

"பல்லு சரியில்லடா" என்றார். வாயில் ஒரு கொட்டைப்பாக்கைக் கடக்கென்று கடித்து உடைத்தார்.

"தீக்கோழியா இருந்தாத்தான் அக்காவுக்கு எறங்கும் போல" என்று பந்தி முழுவதும் கேட்கச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். என் காலை யாரோ அழுத்தி மிதித்தார்கள். திரும்பினால் என் வீட்டுக்காரி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு.

வண்டியில் திரும்பும்போதுதான் சொன்னாள். "அக்கா எனக்கு ரசம் குடுக்க ஆரம்பிச்சதுல இருந்து கறி திங்கிறதில்ல. ஒங்களுக்குத் தெரியாதா?"

"ஏன்?"

"எனக்குக் குடுத்தது சுவரொட்டிக் கண்டம். மொத வாயிலயே தெரிஞ்சுபோச்சு. எங்க அப்பாரு வீட்டுல திங்காததா?"

"தெரிஞ்சா ஏன் முழுங்குனே?"

"துப்பத்தான் நெனச்சேன். அவுக பாத்தாக பாருங்க, அவுக அம்மாவையே பாக்கிற மாதிரி. முழுங்கிட்டேன். நாலு நாளு கழிச்சுப் பூசாரி வீட்டு அத்தை வந்து சொன்னாக. மொத நாளு எனக்குக் குடுக்கிறதுக்கு முன்னாடியே கோயிலுக்குப் போயிச் சூடம் ஏத்தி, 'அந்தப் பிள்ளை திங்கிறது எம் பொறுப்பு. அதோட நேத்தி இனிமே என்னோடது'ன்னு சொல்லிட்டு வந்துட்டாகளாம். அதுக்கப்புறம் நான் திங்கமாட்டேன்னா, அவுக கறிய விட்டதுக்கு என்ன அர்த்தம்?"

"அப்ப, தீக்கோழி?"

"அது நேட்டால்ல இருக்கும்."

"ஊரெல்லாம் சொல்லிட்டேனே."

"அதான் சௌகரியமாப் போச்சு. பொய்யின்னா ஒங்க மூஞ்சியில தெரிஞ்சிரும். நம்பிட்டீகன்னா நல்லாச் சொல்லுவீக."

வண்டி மாடு மட்டும்தான் அப்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

முடியிறக்கி ஆயிற்றே, இனியாவது சாப்பிடலாமே என்று அக்காவிடம் இவள் தனியே கேட்டிருக்கிறாள். "எம்புட்டு நாளைக்குன்னு நான் சொல்லல தாயி. அவரும் கேக்கல. கெடக்கட்டும்" என்றாராம். தின்கிற எல்லாவற்றிலும் செவப்பைத் தேடிய மனுஷி, அதற்குப் பிறகு வருஷக்கணக்காகக் கறி தொடவில்லை. சமைப்பது, இமை இழுப்பது, தீக்கோழி புகழ் பாடுவது எதையும் விடவில்லை. என் மகள் தெருவில் ஓடினால், "பாரு, எப்படி ஓடுறா. எல்லாம் தீக்கோழி" என்று என்னைப் பார்த்துக்கொண்டே சொல்வார். நானும் ஆமாம் போடுவேன். உண்மை தெரிந்தபின் அந்தப் பொய்யைச் சொல்லப் பழகிக்கொள்ள எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

அந்த வீடு முடிந்து, வேறு இரண்டு வீடுகளும் பூசி முடித்த பிறகு, அக்கா காரைக்குடியில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தார். ஒரு மழைக்காலத்தில் போய்ப் பார்த்தேன். படுத்துக் கிடந்தார். எழுந்து உட்கார மூச்சு வாங்கியது. உதடு வெளுத்திருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டைவிரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அவர் இமையைக் கீழே இழுத்தேன்.

"என்னடா தெரியுது?" என்றார்.

"சுவரு நல்லா வந்திருக்கு அக்கா. மேஸ்திரி பாத்தா சரிதாம்பாரு."

சிரித்தார். சிரிக்கவும் மூச்சு போதவில்லை.

மறுநாள் கானாடுகாத்தான் கருப்பர் முன்னால் போய் நின்றேன். எனக்கு நேர்ந்துகொள்ளப் பழக்கமில்லை. "அய்யா, அக்கா நேத்திய எம்பேருக்கு மாத்திக்கங்க. அவுக என்ன தின்னாலும் எம் பொறுப்பு. ஆனா வீட்டுல நேத்து ஆக்குன ஈரல் கொஞ்சம் மிச்சம் இருக்கு. அதுக்கு மட்டும் இன்னைக்கு ஒரு பொழுது விட்டுக்குடுங்க." ஏற்றிய சூடம் காற்றில் பொசுக்கென்று அணைந்தது. விட்டுக்கொடுக்க மாட்டார் என்று புரிந்துகொண்டேன்.

சுவரொட்டியைப் பக்குவம் பண்ணிக் காயவைத்து இடித்தது என் வீட்டுக்காரி. குண்டானைத் தூக்கிக்கொண்டு போனது நான். "அக்கா, இது தீக்கோழி. நேட்டால்ல இருந்து ஒரு ஆளு கொண்டாந்தான்."

அக்கா குண்டானை மூக்கருகே கொண்டுபோனார். நெடுநேரம் வைத்திருந்தார். "அசல் சரக்குத்தான்" என்றார். பிறகு கண்ணை மட்டும் உயர்த்தி, "கருப்பருகிட்ட யாரு போனது? ஒம் பொண்டாட்டியா?"

"நான்."

"நீயா?" குண்டானைக் கீழே வைக்கப் போனார். "வேண்டாம்டா. கறி இல்லாம நீ செத்துப்போவே."

"குடிங்க அக்கா. சூடம் ஏத்தியாச்சு. இனிமே நீங்க குடிக்காட்டி எனக்குத்தான் நட்டம்."

என் முகத்தில் பொய் இருக்கிறதா என்று பார்த்தார். அது சுலபமாகத் தெரிகிற முகம் என்று என் வீட்டுக்காரி அவருக்கும் சொல்லியிருப்பாள். பார்த்துவிட்டு, கடைசிச் சொட்டுவரை குடித்தார். "உப்பு ஒரு கல்லு கூட" என்றார்.

அதன் பிறகு எழுந்து நடமாடினார். சந்தைக்குப் போய் ஆட்களின் இமையை இழுத்தார். இன்னும் சில நல்ல வருஷங்கள் இருந்தார். என் மகள் கல்யாணத்துக்கு வந்து மாப்பிள்ளையின் கண்ணை இழுத்துப் பார்த்து, "செவப்பு போதும், கட்டிக்க" என்று தாலி கட்டுவதற்கு முன் சொன்னவர் அவர்தான்.

அக்கா சொன்னபடி நான் செத்துப்போகவில்லை. எம்புட்டு நாளைக்கு என்று நானும் சொல்லவில்லை, கருப்பரும் கேட்கவில்லை. விருந்து வீடுகளில் வெறும் சோறும் ரசமுமாக என் இலையைப் பார்த்து யாராவது கேட்டால், பல்லு சரியில்லை என்பேன். வாயில் கொட்டைப்பாக்கு இருந்தால் அதை முதலில் துப்பிவிட்டுத்தான் சொல்வேன். அக்கா அளவுக்கு எனக்குத் துணிச்சல் கிடையாது.